1971 என்று போட்டிருந்தால் முதல் பதிப்பாகிவிடுமா? ராம் தாஸின் 'பி ஹியர் நவ்' பற்றி ஒரு சந்தேகம்

மேசாக்காரன்

அல்புகர்க்கியில் பத்து வருடமாக இருக்கிறேன். நியூ மெக்சிகோவில் எந்தப் பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் ஹிப்பி காலத்துச் சரக்குக்கென்று ஒரு மூலை இருக்கும். போன வாரம் அப்படி ஒரு மூலையில் அமெரிக்க ஆன்மிக குரு ராம் தாஸின் 'பி ஹியர் நவ்' கிடைத்தது. சதுர வடிவம், பேப்பர்பேக். அட்டை நடுவில் நாற்காலி, சுற்றிலும் வலை மாதிரி கோடுகள், நான்கு பக்கமும் 'ரிமெம்பர்' என்ற சொல். விலை 3.33 டாலர் என்று அச்சாகியிருக்கிறது. வெளியீடு லாமா பவுண்டேஷன், சான் கிறிஸ்டோபால், நியூ மெக்சிகோ. வினியோகம் கிரவுன், நியூயார்க்.

உள்ளே கடைக்காரர் பென்சிலால் "முதல் பதிப்பு 1971, 85 டாலர்" என்று எழுதியிருந்தார். பேசிப் பேசி 70க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆற அமரப் பார்த்தால் சந்தேகம் வந்துவிட்டது. முன்னட்டையின் உள்பக்கம் யாரோ யாருக்கோ பரிசாகக் கொடுத்ததாக நீல மையில் இரண்டு வரி, கீழே "டிசம்பர் 1972". நடுவில் இருக்கும் பழுப்புத் தாள்களில் இரண்டு கழன்றுவிட்டன. கடைசிப் பகுதியில் பென்சில் குறிகள். ஒரு பக்கத்தில் கோப்பை வைத்த வட்டக் கறை.

இது உண்மையிலேயே முதல் பதிப்புதானா? எதை வைத்து முடிவு செய்வது?

மூன்றாம் அச்சு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதிப்புரிமைப் பக்கத்தில் 1971 என்று இருப்பது பதிப்புரிமை ஆண்டு. அதே புத்தகத்தை இருபது வருடம் கழித்து அச்சடித்தாலும் அந்த 1971 அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதைக் காட்டித்தான் பாதிப் பேர் "முதல் பதிப்பு" என்று விற்கிறார்கள். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை, பலருக்கே வித்தியாசம் தெரியாது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வெறுமனே முதல் பதிப்பு என்று சொன்னால் அவர்கள் மனதில் இருப்பது முதல் அச்சு, அதாவது முதல் தடவை அச்சடித்த பிரதிகள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

உங்கள் பிரதியில் பார்க்க வேண்டியவை. பின்னட்டையில் பார்கோடு இருக்கிறதா? இருந்தால் பேச்சே வேண்டாம். கடையில் முதன்முதலாக ஒரு பொருளை பார்கோடு வைத்து ஸ்கேன் செய்ததே 1974 ஜூனில், ஒஹையோவில், அதுவும் ஒரு சூயிங்கம் பொட்டலம். புத்தகங்களுக்கு அது பரவியது இன்னும் பின்னால். அடுத்தது, பதிப்புரிமைப் பக்கத்தில் ராம் தாஸின் ஹனுமான் பவுண்டேஷன் என்ற பெயர் எங்காவது வருகிறதா? அந்த அமைப்பே 1974ல்தான் தொடங்கியது. பெயர் இருந்தால் பிரதி அதற்கும் பிந்தையது.

3.33 விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆரம்ப காலத்துப் பிரதி என்பதற்கு அது நல்ல அடையாளம்தான், ஆனால் முதல் அச்சில் மட்டும் இருந்த விலை அல்ல. கடைசியாக, பதிப்புரிமைப் பக்கத்தின் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். எத்தனையாவது அச்சு என்ற குறிப்பு இருக்கும் இடம் அது.

மேசாக்காரன்

பார்கோடு இல்லை. ஹனுமான் இல்லை. லாமா மட்டும்தான். பக்கத்தின் அடியில் ஒரு பழைய விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது, வேறு ஏதோ கடையினுடையது போல. அதைக் கிழிக்கப் பயமாக இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய்

சரியாக அந்த இடத்தில் சீட்டு! எனக்கு மூக்கு வியர்க்கிறது.

மூன்றாம் அச்சு

அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். ஐம்பது வருடத்தில் அந்தப் புத்தகம் எத்தனை கை மாறியதோ.

அந்த டிசம்பர் 1972 எழுத்துக்கு வருகிறேன். மை காலத்தோடு பொருந்துகிறது, பிற்காலத்தில் யாரும் விளையாட்டாக எழுதவில்லை என்று வைத்துக்கொண்டால், புத்தகம் 1972 முடிவதற்குள் அச்சாகிவிட்டது என்பது உறுதி. ஆனால் அது மேல் எல்லையை மட்டும்தான் சொல்கிறது. வந்த வேகத்தில் திரும்பத் திரும்ப அச்சான புத்தகம் இது, ஒன்றரை வருடத்துக்குள்ளேயே பல அச்சுகள் வந்துவிட்டன.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய பதிப்பகங்கள் பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 என்று எண் வரிசை போடும். ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள், 1 மிச்சமிருந்தால் முதல் அச்சு. (ரேண்டம் ஹவுஸ் மட்டும் பல வருடம் 2லிருந்து தொடங்கிக் குழப்பியது. அதை நம்பி நானே ஒரு தடவை நல்ல புத்தகத்தை வேண்டாம் என்று விட்டேன்.) லாமா மாதிரி அந்தக் காலத்து கம்யூன்களுக்கு, அதாவது கூடி வாழ்ந்த குழுக்களுக்கு, இந்த வழக்கமெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் சட்டை செய்திருக்க மாட்டார்கள். டென்னசியில் ஸ்டீபன் காஸ்கினின் 'தி ஃபார்ம்' ஆட்கள் சொந்தமாகப் பதிப்பகமே நடத்தினார்கள். இந்த வகைப் புத்தகங்களில் பதிப்பு விவரத்தைத் துப்பறிந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி

இந்தப் புத்தகத்தின் 'முதல் பதிப்பு' எது என்று கேட்டால் நான் 1971ஐயே சொல்ல மாட்டேன்.

1970ல் லாமா பவுண்டேஷன் ஒரு பெட்டி வெளியிட்டது. பெயர் 'ஃப்ரம் பிந்து டு ஓஜஸ்'. உள்ளே பழுப்புத் தாளில் அச்சடித்துக் கயிறு போட்டுக் கட்டிய புத்தகம், ஓர் இசைத்தட்டு, இன்னும் சில சின்னப் பிரசுரங்கள். கடையில் வாங்குகிற சரக்கே அல்ல. நியூ மெக்சிகோவின் டாவோஸ் (Taos) ஊருக்கு வடக்கே மலைச்சரிவில் குடியிருந்த கூட்டம் கையால் கட்டி அனுப்பியது. அந்தப் பழுப்புத் தாள் பகுதிதான் பிறகு உங்கள் புத்தகத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. முன்னால் ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்டு ஆல்பர்ட் எப்படி ராம் தாஸ் ஆனார் என்ற கதை, பின்னால் 'புனித வாழ்வுக்குச் சமையல் குறிப்பு' என்ற பயிற்சிப் பகுதி, கடைசியில் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் எல்லாம் சேர்ந்து 1971ல் இப்போது நாம் பார்க்கிற உருவம் வந்தது.

அதனால் உங்களிடம் இருப்பது முதல் அச்சாகவே இருந்தாலும், அது ஒரு பெட்டியின் இரண்டாம் பிறவி.

மூன்றாம் அச்சு

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெட்டி வேறு நூல், தலைப்பு வேறு, உள்ளடக்கமும் பாதிதான். முன்னோடி என்று சொல்லலாம். முதல் பதிப்பு என்று சொன்னால் கையெழுத்துப் பிரதியை எல்லாம் முதல் பதிப்பு என்று சொல்ல வேண்டிவரும்.

அட்டைப்பெட்டி

கையெழுத்துப் பிரதியை அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள். சரி, முன்னோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பட்டியலில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டால் உங்கள் கைதான் முதலில் நீளும், எனக்குத் தெரியும்.

மூன்றாம் அச்சு

நீளும். அதற்கென்ன.

வெயில் காய்பவன்

தலைப்பைப் பார்த்து நம் காஞ்ஞங்காடு ஆனந்தாசிரமத்து பப்பா ராம்தாஸ் என்று நினைத்து உள்ளே வந்தேன். வேறு ஆளா?

ஏட்டுச் சுரைக்காய்

முற்றிலும் வேறு ஆள். பப்பா ராம்தாஸ் 1963ல் சமாதியாகிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே 1963ல்தான் இந்த ரிச்சர்டு ஆல்பர்டை ஹார்வர்டு வேலையை விட்டு நீக்கியது. இளநிலை மாணவர் ஒருவருக்கு சைலோசிபின் என்ற போதை மருந்தைக் கொடுத்ததற்காக. அந்த மருந்து ஆராய்ச்சியில் திமோதி லியரியும் இவரும் கூட்டாளிகள். 1967ல் இந்தியா போனார், நைனிடால் பக்கம் தன் குரு நீம் கரோலி பாபாவைச் சந்தித்தார், ராம் தாஸ் என்ற பெயரோடு திரும்பி வந்தார். இணையத்தில் விற்பவர்கள் இரண்டு ராம்தாஸ்களின் புத்தகங்களையும் ஒரே பெயரில் கலந்துபோட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தேடும்போது 'ரிமெம்பர்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய நூலகப் பட்டியல்களில் 'பி ஹியர் நவ், ரிமெம்பர்' என்றும் பதிந்திருக்கிறார்கள்.

நேர்கோடு

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். போதை மருந்து கொடுத்ததற்காக வேலை போன ஒருவர், இந்தியாவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அங்கே போய் குரு ஆகிறார். நம் ஊர் விஷயத்தையே கலர் அடித்து நமக்கு விற்கிறார்கள், நாமும் 70 டாலர் கொடுத்து வாங்குகிறோம். இதில் முதல் அச்சா ஏழாம் அச்சா என்று பட்டிமன்றம் வேறு.

ஏட்டுச் சுரைக்காய்

பாதி நியாயம். அந்தப் பயிற்சிப் பகுதியில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆசனம், பிராணாயாமம், மந்திரம், சத்சங்கம். நம் பாட்டிகள் சொன்னதை அமெரிக்க உச்சரிப்பில் படிப்பது போல இருக்கும். ஆனால் அவர் யாருக்கு எழுதினார்? பாஸ்டனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்து, அப்பா ரயில்வே கம்பெனித் தலைவர், சொந்தமாக விமானம் ஓட்டத் தெரிந்த ஒரு பேராசிரியர், தன் மாதிரியே எல்லாம் இருந்தும் எதுவோ இல்லை என்று தவித்த பிள்ளைகளுக்கு எழுதினார். அவர்களுக்கு அதுவரை அந்த மொழியில் யாரும் சொல்லவில்லை.

போதையைப் பற்றியும் புத்தகம் பூசி மெழுகவில்லை. மேலே ஏறினால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது, அதுதான் தன்னைத் துரத்தியது என்று முன்பகுதியில் அவரே சொல்கிறார்.

அப்புறம், நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி. 1978ல் சேவா பவுண்டேஷன் என்று பார்வையிழப்பைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஆரம்ப காலத்திலிருந்தே துணை நின்ற அமைப்பு அது. கலர் அடித்து விற்றார் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கணக்கு மதுரை வரை வந்து நிற்கிறது.

நேர்கோடு

சேவா விஷயம் தெரியாது, ஏற்கிறேன். புத்தகத்தைப் பற்றிய கருத்தில் மாற்றம் இல்லை. குருவுக்கே எல்எஸ்டி கொடுத்தேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற கதையை எப்போது படித்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நூலகத்துப் பூனை

பஞ்சாயத்து நடக்கட்டும். தம்பி மேசாக்காரன், கழன்ற தாளுக்கு செல்லோடேப் ஒட்டிவிடவில்லையே? அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். நூலகத்தில் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவள் நான். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரம்மா வந்தாலும் எடுக்க முடியாது.

உங்கள் புத்தகத்தில் இரண்டு வகைத் தாள். வெள்ளைத் தாள் ஒன்று, பொட்டலம் கட்டுகிற மாதிரி பழுப்புத் தாள் ஒன்று. முதுகில் தையல் இல்லாமல் வெறும் பசையில் நிற்கிற பேப்பர்பேக்குகளில் பசை காய்ந்ததும் தாள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்தப் புத்தகத்தில் நடுப்பகுதியைப் படிக்கப் புத்தகத்தையே பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அத்தனை பேர் அத்தனை தடவை திருப்பி மடக்கியிருக்கிறார்கள், முதுகு எப்படித் தாங்கும்?

வெளுக்காத பழுப்புத் தாளில் மரத்திலிருக்கும் லிக்னின் என்ற பொருள் மிச்சமிருக்கும். அதை ஒட்டியிருக்கிற வெள்ளைப் பக்கத்தில் நாளடைவில் நிழல் போலப் பழுப்பு ஏறும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் அமிலமில்லாத மெல்லிய தாள் ஒன்றை வைத்தால் போதும். அதிகம் வைத்தால் முதுகு இன்னும் விரியும். கழன்ற தாள்களை அதனதன் இடத்திலேயே வைத்து, மொத்தத்துக்கும் பாலியெஸ்டர் உறை போட்டு, படுக்க வைத்துவிடுங்கள். வெயில் படாத அலமாரி. அல்புகர்க்கியில் ஈரப்பதம் பிரச்சினை இல்லை, அங்கே வறட்சிதான் எதிரி. ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து, ஓரம் நெகிழ்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள். கை நடுங்கினால் விட்டுவிடுங்கள். பக்கத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தாலே எழுத்து தெரியலாம்.

மேசாக்காரன்

அக்கா, மிக்க நன்றி. டேப் ஒட்டவில்லை, வாங்கி மேசைமேல் வைத்திருந்தேன். இப்போது டிராயருக்குள் போட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் விளக்கு வைத்துப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே எழுத்து இருக்கிறது. முதல் அச்சு அல்ல, பின்னால் வந்தது. எண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் 1972 என்பது தெரிகிறது.

மூன்றாம் அச்சு

நினைத்ததுதான். வருத்தப்படாதீர்கள், 1972 அச்சும் ஆரம்ப கால அச்சுதான். விலை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். இணையத்தில் ஆட்கள் கேட்கிற விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் கல்லூரியில் இதைப் படித்து மாறிப்போனார் என்ற செய்தி பரவியதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இருபது லட்சத்துக்கும் மேல் விற்ற புத்தகம், அபூர்வம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நல்ல நிலையில் இருக்கும் முதல் அச்சுதான் அபூர்வம். எழுத்து, கறை, கழன்ற தாள் எல்லாம் சேர்ந்தால் வியாபார மொழியில் உங்களுடையது 'குட்'. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் புத்தக வியாபாரத்தில் 'ஃபைன்', 'வெரி குட்' எல்லாம் போன பிறகு வருவதுதான் 'குட்'.

கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். முதல் பதிப்பு என்று எழுதி விற்றிருக்கிறார், திருப்பிக் கேட்பதில் தப்பில்லை.

வெயில் காய்பவன்

இடையில் ஒரு கேள்வி. இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இங்கே இப்போது இரு' என்றால் யாரையோ கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய்

நம் மொழியில் 'இரு' என்றால் உயிரோடு இரு, உட்கார், பொறு எல்லாமே வந்துவிடும். அதுதான் அழகு. முருகன் அருணகிரிக்கு "சும்மா இரு" என்று சொன்ன இடத்திலும் இதே 'இரு'தான். என்னைக் கேட்டால் 'இங்கே இப்போது' என்பதையே வெட்டிவிட்டு 'இரு' என்று மட்டும் அட்டையில் போடுவேன். நாற்காலிப் படமும் இருக்கிறதே, பொருத்தமாக இருக்கும்.

என் பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வருகிற நூல் பட்டியலுக்கு அவர் வைத்த தலைப்பு, 'வரைந்த பண்டம் பசி தீர்க்காது'. ஜென் மரபில் வருகிற சொல். படித்தவுடன் எனக்குத் தோன்றியது ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அப்படித் தலைப்பு வைத்துவிட்டு, அதன் கீழேயே படிக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புத்தகப் பட்டியல்! அந்தக் குறும்புக்காகவே மனிதரைப் பிடித்துப்போயிற்று. பட்டியலைக்கூட எப்போதும் கூடவே இருக்க வேண்டியவை, அவ்வப்போது போய்ப் பார்த்துவர வேண்டியவை, ஒரு தடவை அறிமுகமானால் போதும் என்பவை என மூன்றாகப் பிரித்திருப்பார், சொந்தக்காரர்களைப் பிரிப்பது போல.

அட்டைப்பெட்டி

எனக்கு இந்த வியாபாரத்தில் பிடிபடாதது ஒன்று உண்டு. பயிற்சி செய்யச் சொல்லி எழுதிய புத்தகம் இது. யாரும் திறக்காத, முதுகில் ஒரு மடிப்புக்கூட விழாத பிரதிக்குத்தான் அதிக விலை. சொன்னதைக் கேட்காதவன் வீட்டுப் பிரதி 'ஃபைன்', கேட்டவன் வீட்டுப் பிரதி 'குட்'.

மூன்றாம் அச்சு

சமையல் புத்தகத்துக்கும் அதே கதிதான். எண்ணெய்க் கறை இல்லாத சமையல் புத்தகம் வேண்டும் என்றுதான் சேகரிப்பவர் கேட்பார். நான் விற்பவன், எனக்குக் கறை குறைவாக இருந்தால் சந்தோஷம். உங்கள் தத்துவத்தை வைத்து வாடகை கட்ட முடியாது.

மேசாக்காரன்

கடைக்குப் போய் வந்தேன். உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். பக்கத்தை விளக்கில் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாம், தப்பு என்னுடையது" என்று உடனே சொல்லிவிட்டார். அந்தச் சீட்டு இருபது வருடத்துக்கு முன் மூடப்பட்ட வேறொரு கடையினுடையதாம். புத்தகத்தைத் திருப்பித் தருகிறீர்களா, இல்லை 45 டாலரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். பணத்தை வாங்கிக்கொண்டேன், புத்தகம் என்னிடமே இருக்கிறது. 25 டாலர் சரிதானே?

லாமாவுக்குத் தான் இளம் வயதில் போயிருப்பதாகவும் சொன்னார். 1996 மே மாதக் காட்டுத்தீயில் அங்கே பெரும்பாலான கட்டடங்கள் எரிந்துபோனதையும் நடுவிலிருந்த குவிமாடக் கூடம் மட்டும் தப்பியதையும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கிருந்து மூன்று மணி நேர டிரைவ், இத்தனை வருடத்தில் ஒரு தடவை போனதில்லை.

நேற்று ராத்திரி பென்சில் குறிகளை முதலிலிருந்து பார்த்தேன். உணவு பற்றிய பகுதியில் டிக். ஆசனத்தில் டிக், பக்கத்தில் "முதுகு!" என்று ஒரு சொல். பிராணாயாமத்தில் இரண்டு டிக். மந்திரத்தில் டிக். பணம் பற்றிய பகுதியில் மட்டும் பெரிய கேள்விக்குறி, பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்தி. கோப்பைக் கறையும் அந்தப் பக்கத்தில்தான்.

நேர்கோடு

அந்தக் கேள்விக்குறி போட்டவரைச் சந்தித்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மூன்றாம் அச்சு

25க்கு நல்ல வாங்கல். அந்தப் பென்சில் குறிகளை அழிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன்.

நூலகத்துப் பூனை

அழிக்கக் கூடாது. உறை வாங்கும்போது புத்தகத்தைவிட அரை அங்குலம் பெரியதாக வாங்குங்கள் தம்பி, சதுரப் புத்தகத்துக்குச் சாதாரண அளவு பொருந்தாது. கழன்ற தாள் இரண்டும் வரிசை மாறாமல் இருக்கிறதா?

மேசாக்காரன்

ஒன்று மாறியிருந்தது அக்கா. இப்போது சரியாக வைத்துவிட்டேன். தலைகீழாக இருந்ததைக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது, அந்தப் பக்கங்களில் எது மேல் எது கீழ் என்று சட்டென்று தெரிவதில்லை.